ஆசிரியரைக் கிண்டல் செய்யும் பிரியாவிடை உயில்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. திருச்சியிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கிறீர்கள். மகள் 12ஆம் வகுப்பு. முன்தேர்வு முடிந்ததும் நடக்கும் பிரியாவிடை நிகழ்ச்சியில் வகுப்பின் சார்பாக ஒரு ‘கடைசி உயில்’ வாசிக்கப் போகிறார்கள், அதாவது விடைபெறும் மாணவர்கள் தங்கள் பொருட்களையும் பழக்கங்களையும் மற்றவர்களுக்கு எழுதி வைப்பதாகச் சொல்லும் ஒரு வேடிக்கைத் தாள். அதை எழுதும் குழுவில் அவளும் இருக்கிறாள். ஆசிரியர்களின் பேச்சையும் பழக்கங்களையும் கேலி செய்யும் அந்தத் தாளை மேசைமேல் பார்த்துத் திடுக்கிட்டுப் போய், இது குருவை அவமதிப்பது ஆகாதா, நிறுத்தச் சொல்லலாமா, அல்லது கொஞ்சம் தமிழும் சேர்த்து ஒழுங்காக எழுத வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது அனுமதி கொடுப்பதா, மறுப்பதா என்ற கேள்வி. அதற்கு அடியில், யாரையும் நோகடிக்காமல் ஓர் அரங்கத்தைச் சிரிக்க வைப்பதை உங்கள் மகள் எப்படிக் கற்றுக்கொள்வாள் என்ற கவலைதான் எனக்குத் தெரிகிறது. நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் அந்தத் தாளை இன்னும் இரண்டு முறையாவது திருத்தி எழுதச் சொல்லுங்கள். எப்படித் திருத்துவது என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இந்தப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகவும், 12ஆம் வகுப்பின் பொறுப்பாசிரியையாகவும் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். வார இறுதிகளில் தமிழ்ப் பள்ளியிலும் கற்பித்திருக்கிறேன். ஆண்டுதோறும் பிரியாவிடைக்கு முன்பு பிள்ளைகள் எழுதிய தாள்கள் என் மேசைக்கு வந்துதான் மேடைக்குப் போகும். ஆகவே எந்த வரிக்கு அரங்கம் சிரிக்கும், எந்த வரிக்கு ஒரு பிள்ளை மட்டும் தலைகுனியும் என்பதை அனுபவத்தில் சொல்ல முடியும். சட்டம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வேன், ஆனால் நான் வழக்கறிஞர் அல்லள். உங்கள் மகளின் பள்ளி எதை அனுமதிக்கும் என்பதை அந்தப் பள்ளியின் பொறுப்பாசிரியரிடம்தான் கேட்க வேண்டும். சட்டையில் கையெழுத்துப் போடுவதை ஒரு பள்ளி தடுக்கும், பக்கத்துப் பள்ளி அதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கும். இந்த ஊரில் இப்படித்தான்.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வகுப்பு உயில், வகுப்பு ஆரூடம், ‘இவர்தான் முதலில் கோடீசுவரர் ஆவார்’ என்பது போன்ற பட்டங்கள் எல்லாம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் பழைய மரபு. நூறாண்டுக்கு முந்தைய அவர்களின் ஆண்டு மலர்களிலேயே, ‘தெளிந்த மனநிலையில் இருக்கும் நாங்கள்’ என்று தொடங்கி, தங்கள் நாற்காலியையும் சோம்பலையும் அடுத்த வகுப்புக்கு எழுதி வைக்கும் உயில்களைப் பார்க்கலாம். இது உறுதியாகத் தெரிந்த செய்தி. அது டர்பன் பள்ளிகளுக்கு எப்படி வந்தது என்பதில் எனக்கு இருப்பது ஊகம்தான். திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் கொண்டு வந்திருக்க வேண்டும். இந்த நாட்டுக்கு உரியவை வேறு. மெட்ரிக் என்று இங்கே சொல்லும் 12ஆம் வகுப்பின் நடன விருந்து, விடைகொடுக்கும் கூட்டம், தேர்வு தொடங்க 40 நாள் இருக்கும்போது மாறுவேடமிட்டுப் பள்ளிக்கு வரும் நாள், வெள்ளைச் சட்டை முழுக்கக் கையெழுத்து ஆகியவை அவை. நாற்பதாம் நாள் கொண்டாட்டம் ஆப்பிரிகான்ஸ் மொழிப் பள்ளிகளில் வேரூன்றி மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. 2008 முதல் தேர்வின் பெயர் தேசிய மேல்நிலைச் சான்றிதழ் என்று மாறியிருந்தாலும், மெட்ரிக் என்று சொல்வதை எந்த வீடும் விடவில்லை.

குருவை அவமதிப்பதாகுமோ என்ற உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. இங்கிருக்கும் பழைய தலைமுறைக்கும் அதே அச்சம் இருந்தது. இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் முயற்சியால் 1929இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டபோது, இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி எளிதில் எட்டாத பொருளாக இருந்தது. கரும்புத் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து மெட்ரிக் வரை வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்குப் பிரியாவிடை என்பது ஏறக்குறைய ஒரு சடங்கு. பிறகும் பல ஆண்டுகள் ஆசிரியரின் மேசையில் பிரம்பு இருந்தது. அந்தக் காலத்திலும் பிள்ளைகள் ஆசிரியரைக் கேலி செய்தார்கள், ஆனால் கழிப்பறைச் சுவரில் எழுதினார்கள், முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்தார்கள். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் பள்ளிகளில் உடல்தண்டனையைத் தடை செய்தது. பயம் குறைந்த வகுப்பறையில் கேலி மேடைக்கு வந்தது. ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பெற்றோர் கேட்க ஒரு பிள்ளை அவரைக் கிண்டல் செய்கிறாள் என்றால், அவர் தன்னைப் பழிவாங்க மாட்டார் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறது என்று பொருள். சுவரில் எழுதப்பட்ட கேலியையும் மேடையில் வாசிக்கப்பட்ட கேலியையும் நான் கண்டிருக்கிறேன். இரண்டாவதில்தான் மரியாதை அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

உயில் என்ற வடிவத்தைப் பிள்ளைகள் மேம்போக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதன் சட்ட நுணுக்கத்தைத் தெரிந்துகொண்டால் நகைச்சுவை தானாக ஊறும். இந்த நாட்டில் 1953ஆம் ஆண்டின் உயில்கள் சட்டப்படி 16 வயது ஆனவர் உயில் எழுதலாம். ஆகவே உங்கள் மகளின் வகுப்பில் உள்ளவர்களுக்கு உண்மையாகவே உயில் எழுதும் உரிமை இருக்கிறது. தகுதியுள்ள இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், சாட்சிக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அதே உயிலில் சொத்து எழுதி வைத்தால் பொதுவாக அது அவருக்குக் கிடைக்காது. இந்தக் கடைசி விதி ஒன்றே போதும், முழு நாடகத்துக்கும் வித்து கிடைத்துவிடும். 11ஆம் வகுப்பு மாணவர் தலைவரை மேடைக்கு அழைத்து, இனிக்க இனிக்கப் பேசி, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன்பிறகு விதியை வாசித்துக் காட்டி, ‘மன்னிக்கவும், பின்வரிசை சன்னலோர நாற்காலி இனி உங்களுக்கு இல்லை’ என்று சொல்லலாம். எவர் மனமும் புண்படாது, அரங்கமே சிரிக்கும்.

அடுத்தது, எதைப் பார்த்துச் சிரிப்பது என்பது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரை இகழ்ந்து நகுவது. இளமை பிள்ளைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்பது ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் அதையே இறுகப் பிடித்துக்கொண்டு விடாமலிருக்கும் வெள்ளை மனம். இந்தச் சிரிப்பு பிறரிடம் கண்டதால் மட்டுமின்றித் தன்னிடமே கண்டதாலும் பிறக்கும் என்று உரையாசிரியர்கள் விரிப்பார்கள். பதினேழு வயதில் கைக்கு முதலில் வருவது எள்ளல்தான். அதற்கு உழைப்பு வேண்டாம், ஒருவரின் குறையைக் கண்டால் போதும். நான் திருத்திய தாள்களில் வெட்டப்பட்ட வரிகளில் பெரும்பாலானவை எள்ளல் மட்டுமே கொண்டவை. மேடையில் வென்ற வரிகளோ இளமையையும் பேதைமையையும் மடனையும் தொட்டவை. 8ஆம் வகுப்பில் பெரிய பள்ளிக்கு வந்த முதல் நாள் வழிதவறி ஆசிரியர் ஓய்வறைக்குள் போய் உட்கார்ந்த கதை, ‘கரும்பலகையில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள்’ என்றவுடன் ‘அழிக்க வேண்டாம்’ என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்ட கதை. இவற்றைக் கேட்டு முதலில் சிரிப்பது அந்தக் கதைக்கு உரியவரே.

ஆசிரியர் பற்றிய வரிகளுக்கு வருகிறேன், உங்களை உறுத்தியது அதுதானே. கணக்கு ஆசிரியர் ஒருவர் கடினமான கணக்கு ஒவ்வொன்றையும் ‘இது இலவச மதிப்பெண்’ என்று சொல்லித் தொடங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: ‘எங்கள் கணக்கு ஆசிரியருக்கு, ஒழுங்காகக் கற்பிக்கத் தெரிந்த ஒருவரை விட்டுச் செல்கிறோம்.’ இது எள்ளல். இதில் அவர் இல்லை, அவரைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. யார் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும் வரி எப்போதும் சோம்பேறித்தனமான வரி. அதை இப்படி மாற்றலாம்: ‘எங்கள் கணக்கு ஆசிரியர் ஐந்து ஆண்டுகளாக எங்களுக்கு வழங்கிய இலவச மதிப்பெண்கள் அனைத்தையும் 11ஆம் வகுப்புக்கு எழுதி வைக்கிறோம். அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் பயன்படுத்தவில்லை, எல்லாம் புத்தம் புதிதாக இருக்கின்றன.’ இங்கே குறை பிள்ளைகளுடையது, பேச்சு ஆசிரியருடையது. தான் சொன்ன சொல்லை ஐந்து ஆண்டும் பிள்ளைகள் காதில் வாங்கியிருக்கிறார்கள் என்பதே அவருக்கு ஒரு பரிசு. கணக்கியல் ஆசிரியைக்கு, ‘எங்கள் இருப்புநிலைக் குறிப்பை விட்டுச் செல்கிறோம், இரண்டு பக்கத்துக்கும் இன்னும் 10 ராண்ட் வித்தியாசம், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்’ என்று எழுதலாம். கேலி போலத் தோன்றும் அந்த வரி உண்மையில் அவர் திறமையைப் புகழ்கிறது. தலைமையாசிரியர் இண்டர்காமில் ‘ஒரு நிமிடம் மட்டும்’ என்று தொடங்குபவரா? அந்த நிமிடங்களை எல்லாம் கூட்டி, வருகிற வகுப்புக்கு ஒரு முழு விடுமுறை நாளாகத் தர வேண்டும் என்று உயிலில் கேட்கலாம்.

புகழ்வது போல இகழ்வதும், இகழ்வது போலப் புகழ்வதும் நம் மொழிக்குப் பழகிய வித்தை. தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு அழகாக இருக்கின்றன என்றும், அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்ன புறநானூற்றுப் பாட்டைப் பள்ளியில் நீங்கள் படித்திருப்பீர்கள். யார் போர்க்களத்தைக் கண்டவர் என்பது அரசனுக்குப் புரிந்துவிடும், ஆனால் அவன் கோபித்துக்கொள்ள ஒரு சொல்லும் கிடைக்காது. மகளுக்கு அந்தப் பாட்டை ஆங்கிலத்திலாவது விளக்கிச் சொல்லுங்கள். ஓர் அறிவுரையைவிட அது அதிகம் உதவும்.

சக மாணவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆசிரியருக்கு வயதும் பதவியும் கவசமாக இருக்கின்றன, பிள்ளைக்கு அது இல்லை. உடல்பருமன், தோல்நிறம், முடி, பேச்சுத் தடுமாற்றம், மதம், சாதி, வீட்டு வசதி, காதல், மதிப்பெண் இவற்றைத் தொடவே கூடாது. இதில் எனக்கு ஐயமே இல்லை. இனத்தின் பெயரால் மனிதரைப் பிரித்து வைத்திருந்த நாடு இது. தோலைப் பற்றிய ஒரு சொல் இங்கே வேடிக்கையாக முடியாது. ஒருவரின் மானத்தை வேண்டுமென்றே கடுமையாகக் காயப்படுத்துவது இங்கே குற்றமும்கூட. ஒருவர் தானே விரும்பிச் செய்வதைக் கிண்டல் செய்யலாம், அவருக்கு வாய்த்ததைக் கிண்டல் செய்யக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இடைவேளையில் துனீ என்னும் டர்பன் இந்தியர்களின் சீட்டாட்டம் ஆடுபவன் அதை விரும்பி ஆடுகிறான். ஆறு கைகளையும், அதாவது சுற்றுகளையும், தானே எடுப்பேன் என்று துணிந்து ‘துனீ’ அழைத்துவிட்டு, ஐந்தாம் கையில் தோற்று, கூட்டாளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தவனுக்கு அந்த ஆறாவது கையை எழுதி வைத்தால் அவன் எழுந்து நின்று கும்பிடுவான். பேனா கடன் வாங்கியே ஐந்து ஆண்டு ஓட்டியவன், மூடியில்லாப் பேனாக்கள் ஒரு பெட்டி நிறைய விட்டுச் செல்லலாம்.

ஆனால் பழக்கம் என்று தோன்றுவதெல்லாம் விருப்பத்தால் வந்தது அன்று. ஒரு வரைவில், தினமும் தாமதமாக வரும் ஒரு பெண்ணுக்கு ‘வாயிலில் இருக்கும் தாமதப் பதிவேட்டின் பாதிப் பக்கங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண் காலையில் தம்பி இருவரைக் குளிப்பாட்டி, தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டு, இரண்டாவது மினிபஸ் டாக்சியைப் பிடித்து வருபவள் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாது. அவளுடைய பக்கத்து இருக்கைத் தோழிக்குத் தெரியும். தோழியைக் கேட்டு அந்த வரியை மாற்றினார்கள். அவள் வேதியியல் சமன்பாடுகளைத் தாளமிட்டுப் பாடி மனப்பாடம் செய்யும் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ‘இனி எங்கள் ஆய்வகத்துக்கு வானொலி தேவைப்படும்’ என்று முடித்தார்கள். அன்று முழுவதும் அவளைப் பலர் பாடச் சொல்லிக் கேட்டார்கள். ஆகவே ஒவ்வொருவரைப் பற்றிய வரியையும் அவருடைய நெருங்கிய தோழரிடம் முன்கூட்டிக் காட்டுவது அவசியம். சம்பந்தப்பட்டவரிடமே காட்டலாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. காட்டினால் மேடையில் வியப்பு போய்விடும் என்பார்கள். என் வழி இதுதான்: சிறிதாவது சந்தேகம் இருக்கும் வரியை அவரிடமே காட்டிவிட வேண்டும், வியப்பு போனால் போகட்டும். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது அந்தப் பிள்ளை தானே அந்த வரியைத் தன் ஆயாவுக்குச் சொல்லிக் காட்டுமா? ஆம் என்றால் வரி தேறியது.

நோகடிக்கும் வரியைவிடப் பெரிய காயம், பெயரே வராமல் போவது. நாற்பது பேர் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பத்துப் பேர் எப்போதும் இருப்பார்கள். உயிலில் அவர்கள் பெயர் மூன்று முறை வரும். நடுவரிசையில் அமைதியாக உட்கார்ந்து, யாரோடும் சண்டை போடாமல் ஐந்து ஆண்டு படித்துவிட்டுப் போகும் பிள்ளை, தன் பெயர் எப்போது வரும் என்று கடைசி வரை காத்திருந்து, பிறகு மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டும். இது எனக்குப் பொறுக்காத காட்சி. வகுப்புப் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி, எவருக்கும் இரண்டு வரி இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். அமைதியான பிள்ளையைப் பற்றி எழுத எதுவுமில்லை என்றால், எழுதுபவர்கள் இன்னும் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு நாள் கவனித்தால் ஏதாவது அகப்படும்: தேர்வுத்தாளை மடிக்கும் விதம், எல்லோருக்கும் அழிப்பான் தருவது, ஹதீதா பறவை கத்தும்போது ஆசிரியர் சொன்னது கேட்காமல் போனால் பக்கத்தில் இருப்பவருக்குத் திரும்பச் சொல்வது. நேரத்தையும் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். ஆளுக்கு 15 விநாடி என்றால் நாற்பது பேருக்குப் பத்து நிமிடம். ஆசிரியர்களையும் சேர்த்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. அதற்கு மேல் போனால் நல்ல வரிகளும் எடுபடாது.

பட்டங்களும் ஆரூடங்களும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு அவற்றில் அவ்வளவு விருப்பம் இல்லை. ‘மிக அழகானவர்’, ‘முதலில் திருமணம் ஆகப் போகிறவர்’ என்பவை பெற்றவரையும் கூசச் செய்யும், பெறாதவரையும் வருத்தும். தேர்வு முடிவு ஜனவரியில்தான் வரும். பல்கலைக்கழகத்தில் இடமும் உதவித்தொகையும் கிடைக்குமா என்ற கவலையில் இருக்கும் பிள்ளையிடம், நீ டாக்டர் ஆவாய் என்று மேடையில் சொல்வது சுமையாகிவிடும். ஆரூடம் சொல்லியே தீர வேண்டும் என்றால், நடக்கவே முடியாததைச் சொல்லட்டும்.

இனி தமிழ். இந்த நாட்டின் அரசியலமைப்பு, போற்றப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் மூட்லி, கோவெண்டர், பிள்ளை என்று தமிழ்வழிப் பெயர் வைத்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறார்கள் என்பதை இதற்குள் கண்டிருப்பீர்கள். அவர்கள் பக்கத்தில் ஜூலு பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றி அவருக்குப் புரியாத மொழியில் ஒரு வரி சொல்லி, அரங்கத்தில் பாதிப் பேர் சிரித்தால், அந்த வரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் மனத்தில் சந்தேகம்தான் மிஞ்சும். ஆகவே தமிழைக் கேலிக்குப் பயன்படுத்த வேண்டாம். நன்றிக்கும், தன்னைத்தானே கிண்டல் செய்வதற்கும் பயன்படுத்தலாம். உங்கள் மகள் தன்னைப் பற்றிய வரியைத் தமிழில் சொல்லி, உடனே ஆங்கிலத்திலும் சொல்லட்டும். திருச்சியிலிருந்து வந்த புதிதில் டக் ஷாப் என்னும் பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் ‘பன்னி சாவ்’ என்ற பலகையைப் படித்துவிட்டு, இந்த ஊரில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று அவள் விழித்திருப்பாள். நடுவைக் குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது அது என்று தெரிந்த கதையையே அவள் சொல்லலாம். அதைத் தமிழில் கேட்டால் முன்வரிசைத் தாத்தாக்களும் ஆயாக்களும் பூரித்துப் போவார்கள். பல ஆண்டுகளாகக் கோயிலுக்கு வெளியே அவர்கள் கேளாத மொழி அது.

ஜூலு பேசும் பிள்ளைகளுக்கும் தங்கள் மொழியில் இடம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் இசிபோங்கோ என்னும் புகழ்ப்பாட்டு மரபு இருக்கிறது. அரசனைப் பாடும் இம்போங்கி அவனுடைய வீரத்தை அடுக்கிக்கொண்டே போய், நடுவில் அவன் குறையையும் சுட்டிவிடுவார். அரசன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாதாரண மனிதருக்கும் இப்படிப் பாட்டுகள் உண்டு. ஔவையும் இம்போங்கியும் ஒரே மேடையில் வரக்கூடிய பள்ளிகள் உலகில் எத்தனை இருக்கும்? வகுப்பில் ஜூலு நன்றாகப் பேசும் ஒருவர் பொறுப்பாசிரியரைப் பற்றி ஒரு சிறு புகழ்ப்பாட்டு இயற்றினால், அது உயிலைவிட அதிகம் நினைவில் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை அவர்களே எழுத வேண்டும், அவர்களுக்காக வேறொருவர் எழுதக் கூடாது.

உயில் என்ற வடிவமே பொருந்தாத ஆண்டுகளும் உண்டு. வகுப்பில் யாரேனும் அந்த ஆண்டு தாயையோ தந்தையையோ இழந்திருந்தால், அல்லது ஒரு மாணவரே இறந்திருந்தால், ‘கடைசி உயில்’ என்ற சொல்லை மேடையில் கேட்க முடியாது. அப்படி இல்லாவிட்டாலும், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் சிலருக்கு அது அபசகுனமாகப் படலாம். அதற்கு ஒரு மாற்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது, மொய் வாசிப்பது. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிப்பார்களே, அந்தக் குரலில் வகுப்பின் மொய்க் கணக்கை வாசிக்கலாம். உயிலில் பிள்ளைகள் கொடுக்கிறார்கள், மொய்யில் அவர்கள் வாங்கியதைச் சொல்கிறார்கள். ‘உயிரியல் ஆசிரியை வகையில், நான்கு அறை கொண்ட இதயம் ஒன்று, அதில் ஓர் அறை எங்களுக்கு.’ ‘வாயில் காவலர் வகையில், காலை வணக்கம், நாளொன்றுக்கு ஒன்று வீதம் ஐந்து ஆண்டு.’ ‘டக் ஷாப் ஆன்ட்டி வகையில், கடனாகக் கொடுத்த சமோசா, எண்ணிக்கை அவருக்கே தெரியும், திருப்பிக் கேட்டதில்லை.’ துப்புரவுப் பணியாளரும், அலுவலக எழுத்தரும், பஸ் ஓட்டுநரும் இந்தக் கணக்கில் இயல்பாக இடம் பெறுவார்கள். உயிலில் இவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மொய்யைத்தான் எடுப்பேன்.

தாள் தயாரானதும் ஒரு பெரியவர் அதை வாய்விட்டு வாசிக்கக் கேட்க வேண்டும். கண்ணால் படிக்கும்போது தெரியாத முள் காதில் விழும்போது குத்தும். ஆசிரியர் பற்றிய வரிகளை அதே பள்ளியின் இன்னோர் ஆசிரியர் கேட்பது நல்லது; அவருக்குத்தான் அந்த ஆசிரியர் எதைத் தாங்குவார், இந்த ஆண்டு எதைத் தாங்கமாட்டார் என்பது தெரியும். காணொளியாகப் பதிவு செய்தால், அதை எங்கே வெளியிடுவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அன்பாக ஒலித்த வரி, பின்னணி தெரியாதவர் கைப்பேசியில் பார்த்தால் கொடுமையாகத் தெரியும். 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது ஆகாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலைப் பொதுவாகக் கேட்கிறது. பள்ளி தன் இணையப் பக்கத்தில் வெளியிட விரும்பினால் இது பற்றி உங்களைக் கேட்கும். பிள்ளைகள் தாங்களே வெளியிடாமல் இருப்பது உங்கள் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக ஒரு யோசனை. வேடிக்கை உயிலோடு உண்மையான ஒரு பட்டியலையும் வகுப்பு தயாரிக்கலாம். அளவு சரியாக இருக்கும் பிளேசர், கழுத்துப்பட்டை, கணிப்பான், குறிப்பேடு, பழைய வினாத்தாள் கட்டு ஆகியவற்றை 11ஆம் வகுப்பில் தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. பள்ளி கொடுத்த பாடநூல்களைப் பள்ளியிடமே திருப்ப வேண்டும், அவை இதில் சேரா. கணிப்பானும் குறிப்பேடும் இறுதித் தேர்வு முடியும் வரை தேவைப்படும், ஆகவே டிசம்பரில் கொடுத்தால் போதும். மேடையில் பெறுபவரின் பெயரைச் சொல்லவே கூடாது. பொருட்களைப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டால், யாருக்கு எது வேண்டும் என்று அவர் பார்த்துக்கொள்வார். பணம் கொடுத்து வாங்கியவர்கள் பெற்றோர் என்பதால் உங்கள் சம்மதமும் வேண்டும். சட்டையில் கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றால், நைந்து போன ஒரு சட்டையை அதற்கு வைத்துக்கொண்டு, நல்ல நிலையில் இருக்கும் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.